வெள்ளிமலையில் பத்து நாள்

தியாகதுருகம்
14.7.2025

அன்பு அக்காவுக்கு,

சுபா எழுதறேன். நான், அப்பா, அம்மா, புதுசா வாங்கின ஆடு, எல்லாரும் நல்லா இருக்கோம். உனக்கு நைட் டூட்டி ஜாஸ்தியா போடறாங்களாமே, அம்மா சொன்னாங்க. பகல்லயாவது நல்லா தூங்கறியா?

இன்னாடா இது, போன் இருக்கறப்போ லெட்டர் போடறாளேன்னு நெனப்ப. போன்ல நான் பேசினா உனக்குப் பாதி புரியறது இல்ல. புரியாதப்பதான் நீ "ஆங், சரி பாப்பா, சரி பாப்பா"ன்னு சொல்லுவ. எனக்குத் தெரியாதா? அப்புறம் அம்மா போனப் புடுங்கி, நான் சொல்ல வந்தத அவங்களே சொல்லிடுவாங்க. அது நான் சொல்ல வந்ததா இருக்காது. பேப்பர்ல கை கோணிகினு போனாலும் யாரும் குறுக்க வர மாட்டாங்க. ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆவுது. ஆவட்டுமே, எனக்கு இன்னா வேல இருக்கு? பத்தாவது பாஸ் பண்ணி ஒரு வருஷமா வூட்டுலதான் கெடக்கறேன். ப்ளஸ் ஒன் மாடியில நடக்குது. வாக்கர் மாடி ஏறாது.

இப்போ விஷயத்துக்கு வரேன். எனக்கு வூட்டுக்கு வந்து பாடம் சொல்லிக் குடுத்தாங்களே அம்சவள்ளி மிஸ், அவங்க கள்ளக்குறிச்சியில லைப்ரரிக்குப் பின்னாடி ஒரு கூடத்துல எங்கள மாதிரி பசங்கள ஒன்னா கூட்டறாங்க. ரெண்டாவது சனி, நாலாவது சனி. என்னையும் சேத்து ஒம்போது பேரு. டாக்டர் கெடையாது, எக்சர்சைஸ் கெடையாது, "பாவம்"னு சொல்றவங்க கெடையாது. கேரம் ஆடறோம், சண்ட போடறோம். ஒரே ஒரு ரூல்தான். ஒருத்தர் பேச ஆரம்பிச்சா அவங்க முடிக்கிற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும். நான் ஒரே ஒரு விஷயம் சொல்ல ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அத்தினி பேரும் பாத்துகினே இருந்தாங்க. முடிச்சதும் ஒருத்தன், "நீ சொல்றது தப்பு"ன்னான். அக்கா, என்கிட்ட இதுவரைக்கும் யாரும் தப்புன்னு சொன்னதே இல்ல. பஸ்ல வரும்போது சிரிச்சிகினே வந்தேன்.

கூட்டத்துக்குப் பேரு வைக்க மூணு வாரம் அடிச்சிகினோம். "நம்பிக்கைச் சிறகுகள்"னு மிஸ் சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சிட்டோம். கடைசியில வெள்ளிமலைப் பக்கத்துல இருந்து வர்ற மலர்விழி எழுதிக் காட்டினா: "ஊரே நம்மள சனி புடிச்சதுங்கன்னுதான் சொல்லுது. சனிக் கூட்டம்னே வச்சிக்கலாம்." அதுவே பேரா நெலச்சிடுச்சு. மலருக்குக் காது கேக்காது. ஒதட்டப் பாத்துப் புரிஞ்சிக்குவா. என் ஒதடு அவளுக்குப் புடிபடல. அதனால ரெண்டு பேரும் நோட்டுலதான் சண்ட போடறோம்.

பதில் போடு. போன்ல சொல்லாத.

உன் சுபா

*

கோயம்புத்தூர்
2.8.2025

சுபாக்குட்டிக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ மாத்திரை ஒழுங்கா போடறியா? கால் இழுப்பு எப்படி இருக்கு? அப்பா பிரஷர் மாத்திரைய விட்டுட்டு வயக்காட்டுக்கு ஓடறாரான்னு எனக்கு நீதான் சொல்லணும்.

உன் லெட்டர ஆஸ்பத்திரியிலேயே ரெண்டு தடவ படிச்சேன். பக்கத்துல இருந்தவங்க, "யாரு லெட்டர், இந்தக் காலத்துல?"ன்னு கேட்டாங்க. ஊர்ல இருந்துன்னு சொன்னேன். உன் கையெழுத்து முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலாம்.

கூட்டம் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ்ல தனியா போகாத. அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போ. அப்புறம் ஒன்னு. அங்க போட்டோ கீட்டோ எடுக்கறாங்களா? எடுத்தா நீ கொஞ்சம் பின்னாடி நின்னுக்கோ. ஊர் பேரு, அப்பா பேரு எல்லாம் குடுக்க வேணாம். இப்பல்லாம் போட்டோவ வச்சி என்னென்னவோ பண்றாங்க.

எனக்கு இங்க வேலை சரியா இருக்கு. வேற விசேஷம் ஒன்னும் இல்ல.

அன்புடன்
இலக்கியா

*

தியாகதுருகம்
25.8.2025

அக்கா,

நாங்க சொகம். அப்பா மாத்திர போடறாரு, நான் எதிர்ல ஒக்காந்து முழுங்க வைக்கிறேன்.

இதோட ஒரு பேப்பர் துண்டு வச்சிருக்கேன். தொறந்து பாத்தியா? நடுவுல நிக்கறது நான்தான்!

விஷயம் இதுதான். எங்க ஸ்டாப்புல பஸ்ஸு நின்னாலும் நான் வாக்கர மடிச்சி ஏறதுக்குள்ள எடுத்துடறாங்க. ரெண்டு தடவ விழப் பாத்தேன். கூட்டத்துல சொன்னேன். மலர் நோட்டுல எழுதினா, "அழுவாத, போய்க் கேக்கலாம்." நான் அழுவவே இல்ல. ஆனா போனோம். ஒம்போது பேரும் டிப்போவுக்கு. அங்க இருந்த சார் மிஸ்ஸப் பாத்து, "சொல்லுங்க மேடம்"ன்னாரு. மிஸ் என்னக் கை காட்டினாங்க. நாலு நிமிஷம் பேசினேன். மொதல்ல அவரு ரெண்டு தடவ வாட்ச்சப் பாத்தாரு. அப்புறம் பாக்கல. "சரிம்மா, கண்டக்டர எறங்கி ஏத்தச் சொல்றேன்"ன்னாரு. இப்போ எறங்கறாங்க.

வெளிய வந்தப்போ ஒரு நிருபர் போட்டோ எடுத்தாரு. நீ பின்னாடி நிக்கச் சொன்ன. எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆனா அன்னிக்கிப் பேசினவ நான். பேசினவ எப்படி பின்னாடி நிக்கறது? பேரு கேட்டாரு, "சுபஸ்ரீ, வயசு பதினாறு, அப்பா பேரு ராஜாங்கம்"னு முழுசா சொன்னேன். முழுசா போட்டிருக்காங்க. உன் ரூம்ல ஒட்டி வை.

சுபா

*

கோயம்புத்தூர்
4.9.2025

சுபா,

நலம். அங்கயும் அப்படியேன்னு நம்பறேன்.

அவ்வளவு தூரம் சொல்லியும் கேக்கல இல்ல? பேப்பர் வரைக்கும் போகணுமா? அது நெட்லயும் வரும், யார் வேணா பாப்பாங்க. உனக்கு அது புரியாது.

திட்டறேன்னு நெனைக்காத. நீ பேசினது எனக்குப் பெருமதான். ஒரு சுடிதார் அனுப்பியிருக்கேன், அளவு சரியா இருக்கா பாரு.

தீபாவளிக்கு நான் வரும்போது வீட்டுக்குச் சிலபேர் வர்றாங்க. ஒரே கூட்டமா இருக்கும். நீ ஒரு பத்து நாள் வெள்ளிமலைக்கு வெங்கடேசன் மாமா வீட்டுக்குப் போய் இருந்தா என்ன? குளிர் உனக்குப் புடிக்கும். அம்மாகிட்டயும் சொல்லியிருக்கேன்.

இலக்கியா

*

வெள்ளிமலை
2.11.2025

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். மாமாவும் பூமாலை அத்தையும் சொகம். மாமா ஸ்கூலுக்குப் போறாரு, வராரு, என் மூஞ்சப் பாக்காம சாப்புடறாரு.

நீ வந்தியாமே, போயிட்டியாமே. தீபாவளிய நான் இங்கதான் கொண்டாடினேன். பத்து நாள்னு சொன்ன. இன்னிக்கி பத்தொம்போதாவது நாளு. நாலாவது சனிக் கூட்டம் போயிடுச்சு. போன் பண்ணா அம்மா, "மழ பேயுது, மலப்பாத வழுக்கும், இருந்துட்டு வாயேன்"ங்கறாங்க. மழ விட்டு ஒரு வாரம் ஆச்சு. பஸ்ஸு தெனமும் மேல வருது, கீழ போவுது. சத்தத்த வச்சே எது எத்தினி மணி பஸ்ஸுன்னு சொல்லுவேன். வாசல் கேட்டுல இருந்து தண்ணித் தொட்டி வரைக்கும் வாக்கர்ல நாப்பத்தொரு தடவ வெக்கணும். நேத்து பதிமூணு தடவ போயிட்டு வந்தேன். அத்த, "ஏன்டி கூண்டுப் புலி கணக்கா அலையற?"ன்னாங்க.

ஒன்னு மட்டும் கேக்கறேன். என்ன இங்க அனுப்பினப்போ என் துணி எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டாங்க. பழைய வாக்கரையும் ஏத்திட்டாங்க. பாத்ரூம்ல நான் ஒக்கார்ற நாற்காலியும் கார்ல வந்துச்சு. பத்து நாளுக்கு யாராவது பாத்ரூம் நாற்காலியக் குடுத்து அனுப்புவாங்களா?

யாரு வந்தாங்க வூட்டுக்கு?

சுபா

*

வெள்ளிமலை
23.11.2025

அக்கா,

சொகமா? இங்க சொகம்.

லெட்டரு வந்துச்சா? மூணு வாரம் ஆவுது. அட்ரஸ் சரியாத்தான் எழுதினேன். மாமா நேத்து ஆபீஸ் வேலைன்னு கீழ போயிருக்காரு, பட்டு வேட்டி எடுத்துகினு.

சுபா

*

வெள்ளிமலை
14.12.2025

அக்கா,

நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருக்கணும்.

இங்க நடந்தத மொதல்ல சொல்றேன். மலரோட ஊரு இங்கேயிருந்து நாலு கிலோமீட்டருதான். நான் ரெண்டு மூணு சனி வரலன்னதும் மிஸ்கிட்ட விசாரிச்சிகினு ஜீப்புல வந்துட்டா. "ஏன் வரல?"ன்னு நோட்டுல எழுதினா. "தெரியல"ன்னு எழுதினேன். அவ அதப் படிச்சிட்டு, "சரி, இங்கயே கூடலாம். மலையில எத்தினி பேரு வூட்டுக்குள்ள கெடக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்"னு எழுதினா.

மொதல்ல வேடியப்பன்னு ஒருத்தன் வூட்டுக்குப் போனோம். பதினேழு வயசு. புளி உலுக்க மரம் ஏறி விழுந்து ரெண்டு வருஷமா படுக்கையில இருக்கான். இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. எங்களப் பாத்ததும் செவுத்துப் பக்கம் திரும்பிகினு, "போங்கடி"ன்னான். நான் எழுந்துட்டேன். மலருக்குக் கேக்கலையே! அவ பாட்டுக்குச் சிரிச்சிகினு ஒக்காந்திருந்தா. மறுபடியும் "போங்கடி"ன்னு கத்தினான். மலர் அவனோட அம்மா குடுத்த தண்ணியக் குடிச்சா. மூணாவது தடவ அவனே திரும்பி, "இவளுக்கு இன்னா, காது கேக்காதா?"ன்னான். "கேக்காது"ன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவனுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவன் சிரிச்சி ரெண்டு வருஷம் ஆச்சுன்னு அவங்கம்மா அழுதாங்க.

மாமா அவங்க ஸ்கூல் சாப்பாட்டுக் கொட்டாய சனிக்கிழமையில தரச் சொல்லிக் கேட்டு வாங்கிட்டாரு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே. அவருக்கு மனசு உறுத்திகினு இருக்குன்னு நெனைக்கிறேன். நேத்து ஏழு பேரு வந்தாங்க. ரெண்டு பேரு பாதியிலேயே எழுந்து போயிட்டாங்க. வேடியப்பன் வரல. வருவான்.

அப்புறம், உனக்கு நிச்சயம் ஆயிடுச்சாமே. யாரும் சொல்லல. அத்த போன்ல ஸ்டேட்டஸ் பாத்தேன். மாமா பட்டு வேட்டியில நிக்கறாரு. பச்சப் பட்டு உனக்கு நல்லா இருக்கு. அவரு பேரு இன்னா?

சுபா

*

கோயம்புத்தூர்
27.12.2025

என் தங்கத்துக்கு,

உடம்ப எப்படி வச்சிருக்க? அங்க பனி கொட்டும், காதக் கட்டிக்கோ.

எப்படி எழுதறதுன்னு தெரியாமதான் இத்தன நாள் எழுதல. அவர் பேர் இளமாறன். என் ஆஸ்பத்திரியில லேப்ல வேல பாக்கறார். பொள்ளாச்சிப் பக்கம். ரொம்ப நல்லவர். அவங்க வீட்டுல பெரியவங்க கொஞ்சம் பழைய ஆளுங்க. ஒன்னு கேட்டா ஒம்போதா நெனைப்பாங்க. அதனால அம்மாதான், இப்போதைக்கு சுபா மாமா வீட்டுல இருக்கட்டும்னு சொன்னாங்க. தை கடைசியில கல்யாணம். முடிஞ்சதும் பக்குவமா எடுத்துச் சொல்லிடலாம்னு இருக்கோம். உன்ன யாரும் ஒளிச்சி வைக்கல. அப்படி நெனச்சிடாத.

நீ புரிஞ்சிக்குவ. வீட்டுலயே நீதான் எல்லாத்தையும் புரிஞ்சிக்கறவ.

அக்கா

*

வெள்ளிமலை
4.1.2026

அக்கா,

இந்த லெட்டர எழுத மூணு நாளு ஆச்சு. நாலு பேப்பரக் கிழிச்சிட்டேன். நல்லா இருக்கியான்னு கேக்கறேன். பதில் வேணாம்.

நான் அம்மாகிட்ட பேசினேன். அத்த போன ஸ்பீக்கர்ல போட்டு, குறுக்க பேசக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் பேசினேன். "நீங்கதான் என்ன அனுப்பச் சொன்னீங்களா?"ன்னேன். அம்மா "சாப்ட்டியாடி?"ன்னு கேட்டாங்க. அப்புறம், "மாப்பிள்ளகிட்ட உங்கக்கா ஏற்கனவே வேற மாதிரி சொல்லிட்டாளாம்டி, நாங்க இன்னா பண்றது?"ன்னாங்க.

இன்னா சொன்ன அக்கா, அவருகிட்ட? உனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னா?

நான் செத்துப் போயிருந்தா செவுத்துல ஒரு படமாவது இருக்கும். அவங்க பொண்ணு பாக்க வந்தப்போ, கூடத்துல மாட்டியிருந்த என் பத்தாங்கிளாஸ் போட்டோவ யாரு கழட்டினது? அப்பாவா? ஆணி இருந்துச்சா, அதையும் புடுங்கிட்டாங்களா?

எனக்கு எல்லாம் புரியும்னு எழுதியிருக்க. இது புரியல. நான் உன் கல்யாணத்துக்கு வந்து எதையும் சொல்ல மாட்டேன். அவருக்கு லெட்டரும் போட மாட்டேன். மலர் போடுன்னுதான் எழுதினா. ஆஸ்பத்திரி அட்ரஸும் எனக்குத் தெரியும். போட மாட்டேன். சொல்றதா இருந்தா அது உன் வேல. சொல்லலைன்னா அப்புறம் சொல்றேன், பக்குவமா சொல்றேன்னு எனக்கு எழுதாத.

நான் கீழ வரல. இங்க எனக்கு வேல இருக்கு.

சுபஸ்ரீ

*

கோயம்புத்தூர்
18.2.2026

சுபா,

நலமா இருக்கியான்னு கேக்க எனக்கு உரிமை இருக்கான்னு தெரியல. இருந்தாலும் கேக்கறேன்.

அம்மா சொன்னது உண்மை. அம்மா மேல பழியப் போட்டேன். நான்தான் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த மொத வாரம், கேண்டீன்ல அவர் சாதாரணமா கேட்டார், "கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?"ன்னு. "ஒரே பொண்ணு"ன்னேன். யோசிக்கவே இல்ல. அப்ப அவர் யாரோ ஒருத்தர். சின்ன வயசுல இருந்து எந்த ஊருக்குப் போனாலும் என்ன விட்டுட்டு எல்லாரும் உன்னப் பத்தியே கேப்பாங்க. ஒரு எடத்துலயாவது அந்தக் கேள்வி இல்லாம இருக்கலாம்னு தோணியிருக்கும். அப்புறம் பழக்கம் ஆச்சு. ரெண்டு வருஷம் ஓடிப் போச்சு. எந்த நாள் சொல்றதுன்னு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன்.

உன் லெட்டர் வந்த நாலாவது நாள் அதே கேண்டீன்ல சொல்லிட்டேன். அவர் சாப்பிடறத நிறுத்திட்டார்.

"ரெண்டு வருஷமா தெனம் என்கூட உக்காந்து சாப்பிடற. ஒரு நாள் கூட நாக்குல வரலியா?"ன்னார்.

"பயமா இருந்துச்சு"ன்னேன்.

"எதுக்குப் பயம்? அந்தப் பொண்ணப் பத்தியா, என்னப் பத்தியா?"

அப்புறம் கேட்டார், "அவ பேரென்ன?"ன்னு. அவர் முன்னாடி அன்னைக்குத்தான் உன் பேர முதல் தடவ சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தா தேவலாம். எழுந்து கை கழுவிட்டுப் போயிட்டார். ஒரு வாரம் கழிச்சு அவங்கம்மா நம்ம அப்பாவுக்குப் போன் பண்ணாங்க. "ஒடம்புக்கு முடியாத புள்ள இருந்தா அது ஒரு குத்தமுங்களா? இத மறைச்சவங்க இன்னும் எத மறைச்சிருக்கீங்களோ"ன்னு கேட்டாங்களாம். கல்யாணம் நின்னு போச்சு. அப்பா என்கூடப் பேசறதில்ல. உன்கூடவும் பேசறாரான்னு தெரியல. இளமாறன் இப்ப வேற ஷிஃப்ட்டுக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டார்.

அழறதுக்காக எழுதல. உன்னப் பாக்கணும். இருபத்தெட்டாம் தேதி, நாலாவது சனிக்கிழமை வரலாமா? வராதன்னு சொன்னா வரல.

இலக்கியா

*

வெள்ளிமலை
15.3.2026

அக்காவுக்கு,

நீ போய்ச் சேந்துட்டன்னு அத்த போன்ல கேட்டுச் சொன்னாங்க. கொண்டை ஊசி வளைவுல உனக்கு வாந்தி வருமே, வந்துச்சா? நான் நல்லா இருக்கேன். அப்பா போன வாரம் வந்தாரு. என் வாக்கருக்கு நாலு காலுக்கும் புது ரப்பர் போட்டுட்டு, ஒன்னும் பேசாம எதிர்ல ஒக்காந்து ரெண்டு தடவ டீ குடிச்சிட்டுப் போனாரு.

நீ வந்த அன்னிக்கி நடந்தது எனக்குத் தூக்கம் வர விடல. அத எழுதறேன்.

நீ கொட்டாயில எல்லாருக்கும் டீ ஊத்திக் குடுத்துகினு இருந்த. அப்பதான் வேடியப்பன மொத மொதல்ல ஜீப்புல தூக்கிகினு வந்தாங்க. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினாங்க. புதுசா வந்த பையனோட அம்மா மட்டும் என் பக்கத்துல நின்னுகினு, "இந்தப் பொண்ணு யாரும்மா?"ன்னு உன்னக் காட்டிக் கேட்டாங்க. நான், "தெரிஞ்சவங்க"ன்னு சொல்லிட்டேன்.

நீ கேட்டுட்ட. எனக்குத் தெரியும். டம்ளர் நெறஞ்சி வழிஞ்சிது, நீ தொடச்சிட்டு அடுத்த டம்ளருக்குப் போயிட்ட. நாலு மணி பஸ்ஸு வரைக்கும் அதப் பத்தி நீ ஒன்னும் கேக்கல.

அக்கா, என் வாயில எந்த வார்த்தையும் சுலபமா வராது. உனக்கே தெரியும். "அக்கா"ன்னு சொல்லவே எனக்கு ரெண்டு மூச்சு வேணும். ஆனா அது மட்டும் வழுக்கிகினு வந்துச்சு. நான் பேசினா ஒன்னுமே புரியாத அந்தம்மாவுக்கும் ஒரே தடவையில புரிஞ்சிடுச்சு.

பழி வாங்கத்தான் சொன்னேன்னு நெனச்சிகினு இருப்ப. அப்படி இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அது இல்ல. வெக்கமா இருந்துச்சு. உன்ன அக்கான்னு சொன்னா, "அப்போ இத்தினி மாசமா ஏன் வரல, நீ ஏன் இங்க கெடக்கற?"ன்னு கேப்பாங்க. அதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றதுன்னு தோணுச்சு. அரை நொடிதான். உனக்கும் அன்னிக்கி கேண்டீன்ல இப்படித்தான் இருந்துச்சா? நீ எழுதினப்போ நான் நம்பல. ஒரு பொய்ய யோசிக்காம சொல்ல முடியுமான்னு மலர்கிட்ட எழுதி எழுதித் திட்டினேன்.

உன்ன மன்னிச்சிட்டேன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. இன்னும் கோவம் இருக்குது. சில நாள் கம்மியா இருக்கு, சில நாள் ஜாஸ்தியா இருக்கு. கல்யாணம் நின்னதுக்கு எனக்கு வருத்தம்தான், ஆனா நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.

ஜூன்ல இங்க மாமா ஸ்கூல்லயே ப்ளஸ் ஒன் சேரப் போறேன். எல்லாம் கீழதான், மாடி இல்ல. அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன்.

நேத்து கூட்டத்துல பதினோரு பேரு. டீ குடிக்கறதுக்கு முன்னாடி நான் எழுந்து நின்னேன். "போன தடவ வந்து டீ ஊத்தினது தெரிஞ்சவங்க இல்ல. எங்க அக்கா. சொந்த அக்கா. பேரு இலக்கியா"ன்னு சொன்னேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு, வேர்த்துப் போச்சு. அந்தப் பையனோட அம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு.

அப்புறம் வேடியப்பன் படுத்துகினே சொன்னான்:

"இதுக்காடி இவ்ளோ நேரம் இழுத்த? உங்க ரெண்டு பேரு மூக்கப் பாத்தே எனக்கு அன்னிக்கே தெரியும்."

நாலாவது சனிக்கு லீவு கேட்டுப் பாரு. பஸ்ல முன் சீட்டுல ஒக்காரு, வாந்தி வராது.

உன் தங்கச்சி
சுபா